நல்ல கண்ணை மூடு

மகளைச் சுவரோரம் மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டால்தான் கண்ணில் ஒட்டுப் பட்டையை ஒட்ட முடியும். முதல் வாரத்திலேயே அம்மாவுக்கு அது கைவந்துவிட்டது. ஆறு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருமோ, உதைப்பாள், நெளிவாள், கடைசியில் மணிக்கட்டைப் பார்த்துக் கடிப்பாள். வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பேர் வந்ததே இந்தக் கடியால்தான்.

"புண்ணு அந்தக் கண்ணுல. நீ இந்தக் கண்ணுல ஒட்டுற. உனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள் எறும்பு.

"தெரிஞ்சுதான் ஒட்டுறேன். நல்ல கண்ணு சும்மா கெடக்கணும். அப்பத்தான் அந்தச் சோம்பேறி எந்திரிச்சு வேலைக்கு வரும்."

"அது வராது."

"வரும். வராம எங்க போயிடும், உன் மூஞ்சியிலதானே இருக்கு."

பட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். மூக்குப் பக்கம் ஒரு நூல் இடைவெளி விட்டாலும் போச்சு, அந்தச் சந்து வழியாக நல்ல கண் எட்டிப் பார்த்துவிடும். மேலே கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். காலையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் மூன்று, சாயங்காலம் இரண்டு. சாயங்காலக் கணக்குதான் அவள் கண் முன்னால் நடப்பது. அதில் ஒரு நிமிஷம் குறைய விடமாட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பு வைக்கிற ஸ்டாண்டில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. எறும்பின் அப்பா வாசலில் உட்கார்ந்து அதன் தலையை உளி வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை எறும்பு எதிரே குந்தி உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உளியின் தலை அடி வாங்கி வாங்கிப் பூவாக விரிந்துபோயிருந்தது. சில்லு தெறிக்கும் என்று பட்டறையில் அப்படி ஓர் உளியைத் தொடவே மாட்டார். இது வீடு, ஒரே ஒரு போல்ட்தானே என்று அடித்தார். நாலாவது அடியில் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இவர் ஓடவில்லை. ஏனென்றால் இவர்தான் தூசி டாக்டர்.

கிரைண்டிங் பட்டறையில் அவருக்கு அந்தப் பேர். பொறி பறக்கிற இடம், வியர்வையில் கண்ணாடி வழுக்குகிறது என்று பாதிப் பேர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். சாப்பாட்டு வேளையில் ரெண்டு பேராவது கண் சிவந்து அவர் முன்னால் வந்து நிற்பார்கள். இமையை விரலில் சுருட்டி மடக்குவார், தீக்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சால் ஒரு தொடு. துகள் வெளியே வந்துவிடும். இருபது வருஷத்தில் எத்தனை கண் என்று அவருக்கே தெரியாது. "ஃபீஸு ஒரு பீடி" என்று சிரிப்பார்.

மகளின் இமையையும் அப்படித்தான் மடக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார். துகள் எதுவும் இல்லை. கருவிழியில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி மட்டும்.

"ஒண்ணும் இல்ல. பட்டுட்டுத் தெறிச்சுப் போயிருச்சு. தண்ணி விட்டுக் கழுவு" என்றார் அம்மாவிடம். பிள்ளையும் பெரிதாக அழவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாத துகள் என்று ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது உள்ளே போயிருந்தது.

நாலாம் நாள் காலையில் தலை வாரும்போதுதான் அம்மா பார்த்தாள். கண்ணின் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய இடம் கலங்கிய அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது.

அறுவை நடந்தது. எள்ளில் பாதி இருக்கும் அந்த இரும்பை எடுத்தார்கள், புரை விழுந்த வில்லையை எடுத்தார்கள், புது வில்லை வைத்தார்கள். முடிந்தது, இனிமேல் கட்டை அவிழ்த்தால் பார்வை வந்துவிடும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தபோது கண் மருத்துவர் உட்கார வைத்துச் சொன்னார். அந்த டாக்டரம்மாவுக்குக் கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாது.

"கண்ணை நாங்க சரி பண்ணிட்டோம். ஆனா இந்த வயசுல ஒரு கண்ணு வேலை செய்யலைன்னா மூளை அதை ஒதுக்கி வெச்சிடும். நல்ல கண்ணை மூடுங்க, கெட்ட கண்ணால பாக்க வைங்க. எட்டு, ஒம்பது வயசு வரைக்கும் மூளை கத்துக்கும். அதுக்கு அப்புறம் தங்க ஊசியால ஆபரேஷன் பண்ணாலும் வராது."

அம்மாவுக்கு அது தன் வேலையிடத்தை வைத்துத்தான் புரிந்தது. ரெண்டு ஆள் தூக்குகிற சுமை. ஒருத்தன் காலில் அடிபட்டு லீவில் போகிறான். இன்னொருத்தன் தனியாகத் தூக்கிப் பழகிவிடுகிறான். அடிபட்டவன் கால் ஆறித் திரும்பி வந்தாலும் மேஸ்திரி அவனைக் கூப்பிடுவதில்லை. சும்மா நின்று நின்று அவனுக்கும் வேலை மறந்துபோகிறது. அவனைத் திரும்ப வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் மற்றவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் வேலை பழைய இரும்புக் கிடங்கில். உடைத்த இயந்திரங்களிலிருந்து வருகிற நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் வகை பிரித்துத் தொட்டியில் போட வேண்டும். மருத்துவர், "பக்கத்துல வெச்சுப் பாக்குற சின்ன வேலை எதாவது குடுங்க" என்று சொன்னதும் அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரியிடம் கேட்டுத் தினமும் ஒரு டப்பா சில்லறைச் சாமான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூர் இருக்கிறதை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, மகள் முன்னால் கொட்டினாள். எட்டு மில்லி நட்டு, பத்து மில்லி நட்டு, தட்டை வாஷர், வெட்டு விழுந்த ஸ்பிரிங் வாஷர். நாலு கிண்ணம்.

முதல் ரெண்டு நாள் எறும்பு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் அழுதுகொண்டே பிரித்தாள். பத்தாம் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு பிரித்தாள். ஒரு மாதம் போனபோது அரை டப்பாவை அரை மணியில் முடித்தாள், ஒன்றுகூட இடம் மாறவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் பக்கத்து மணையில் உட்கார்ந்து செம்புக் கம்பி பிரிக்கிற செம்பக்காவிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"உன் பொண்ணை இங்கயே சேத்துவுடு. நீயும் நானும் வீட்டுக்குப் போயிடலாம்" என்பாள் செம்பக்கா.

ஆறு வாரம் முடிந்து பரிசோதனைக்குப் போனார்கள். சுவரில் எண்கள் எழுதிய பலகை. மேலே ஒரே ஒரு பெரிய எண், கீழே போகப்போகச் சின்னதாகும். நல்ல கண்ணை மூடியதும் எறும்பு முதல் வரியை மட்டும் சொன்னாள். அடுத்த வரியைக் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னாள். போன தடவையும் இதே முதல் வரிதான்.

மருத்துவர் பேனாவை வைத்தார். "பட்டை ஒட்டுறீங்களா, இல்லையா?"

"தினம் ஆறு மணி நேரம் ஒட்டுறேங்க. ஒரு நாள் தவறல."

"ஒட்டினா எதாவது மாற்றம் தெரியணுமே."

பொய் சொல்கிறாள் என்று டாக்டரம்மா நினைக்கிறார் என்பது தெரிந்தது. அதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. தினமும் கண் முன்னால் நடந்த வேலை எங்கே போனது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று ராத்திரி எறும்பின் அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். அறுவைக்குப் பிறகு அவர் மகள் பக்கத்தில் போவதே இல்லை. பட்டை ஒட்டுகிற நேரம் பார்த்து வெளியே போய்விடுவார்.

"போதும், விட்டுரு. ஒரு கண்ணு இருக்கு. ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு எத்தனையோ பேரு பொழைக்கிறாங்க. அவ தினமும் அழுறதை என்னால கேக்க முடியல."

"நீங்கதான் கேக்குறதே இல்லையே. தெரு முனையிலதானே நிக்கிறீங்க."

பட்டறையில் இப்போது யாரும் அவரைத் தூசி டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் கிடங்கில் அவள் செம்பக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பலகை, முதல் வரி, மருத்துவர் பார்த்த பார்வை எல்லாம். செம்பக்கா கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்துவிட்டு இவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். மடியில் கொட்டியிருந்த குவியல் பாதி தீர்ந்திருந்தது. நாலு தொட்டியிலும் நாலு வகை. ஒன்றுகூட மாறவில்லை.

"அக்கா, நான் இதைப் பாத்தேனா?"

"எதை?"

"பிரிக்கும்போது இதைப் பாத்தேனான்னு கேக்குறேன்."

"என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்த. பதினஞ்சு வருஷமாப் பிரிக்கிற, இன்னும் பாத்துப் பாத்தா பிரிப்ப? கை பிரிக்குது."

அன்று கிடங்கை விட்டுக் கிளம்பும்போது தடித்த கேன்வாஸ் கையுறை ஒரு ஜோடியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

எறும்பு வழக்கம்போலப் பட்டையோடும் பாட்டோடும் டப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. விரல் மட்டும் கிண்ணத்துக்கும் குவியலுக்குமாக ஓடியது. இத்தனை நாளும் அம்மா கிண்ணத்தைப் பார்த்தாளே தவிர மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிவிட்டாள்.

"இப்பப் பிரி."

பாட்டு நின்றது. பெரிய கையுறைக்குள் விரல் துழாவியது. ஒரு நட்டை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், எந்தக் கிண்ணம் என்று தெரியாமல் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு தப்பான கிண்ணத்தில் போட்டாள்.

"உனக்கு இது கண்ணுல தெரியலையா?"

"புகை மாதிரி தெரியும். கையிலதான் நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

எறும்பு நிமிர்ந்தாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நீயும் பாக்காமத்தானே பிரிப்ப. அன்னிக்குக் கிடங்குல பாத்தேன்ல."

அடிக்கக் கை ஓங்க முடியாது, அழவும் முடியாது. பிள்ளை ஏமாற்றவில்லை. தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நாற்பது சாயங்காலம் அந்தச் சோம்பேறிக் கண் உட்கார்ந்து தூங்கியிருக்கிறது, கை போய் வேலை பார்த்திருக்கிறது. இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும் என்று நினைத்தாள். டப்பாவை மூடி மூலையில் தள்ளினாள். கையால் தடவித் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்று வேண்டும். தட்டையாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், கண் மட்டும்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வந்ததும் அவர் முன்னால் ஒரு தாளையும் கறுப்புப் பேனாவையும் காம்பஸையும் வைத்தாள். காம்பஸ் அவருடையதுதான். தகட்டில் அளவு குறிக்கிற வேலையும் பட்டறையில் அவருக்குத்தான்.

"வாஷர் வரைங்க. ஒரு தாளுக்கு நாப்பது. கொஞ்சம் முழு வளையம், கொஞ்சம் ஸ்பிரிங் வாஷர் மாதிரி வெட்டு விட்டு. வெட்டு எதுல இருக்குன்னு அவ பாத்துக் குறிக்கணும்."

அவர் தாளைத் தொடவில்லை. "நீயே வரை."

"நான் வரைஞ்சா முட்டை மாதிரி இருக்கும். நீங்க கோடு போட்டா மயிரளவு பிசகாதுன்னு பட்டறையே சொல்லுது."

"என் கை பட்டுத்தான் இப்படி ஆச்சு."

"ஆமா, உங்க கை பட்டுத்தான் ஆச்சு. இல்லைன்னு யாரு சொன்னா? அதுக்காக அந்தக் கையைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்தா அவளுக்கு என்ன லாபம்? வரைங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. வரவில்லை. காம்பஸை எடுத்தார்.

முதல் தாளில் வளையம் ஒவ்வொன்றும் பாட்டில் மூடி அளவு இருந்தது. வெட்டு விட்டவை பதினொன்று. எறும்பு மூன்றைக் கண்டுபிடித்தாள், நல்ல வளையத்தில் நாலைத் தப்பாகக் குறித்தாள். பிறகு பேனாவை எறிந்தாள், தாளைக் கிழித்தாள். அப்பா இன்னொரு தாளை இழுத்து வரைய ஆரம்பித்தார். அதையும் கிழித்தாள். அவர் மூன்றாவது தாளை எடுத்தார்.

"உனக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டாள் எறும்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"வலிக்கும்."

"அப்ப ஏன் வரையுற?"

"நீ கிழிக்கிறதை நிறுத்துற வரைக்கும் வரைவேன். எனக்கு ராத்திரி ஷிப்ட் இல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப நீயும் ஒட்டிக்க. எனக்கு மட்டும் ஏன்?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பெட்டியிலிருந்து ஒரு பட்டையை உரித்து, மகளுக்கு அழுத்துகிற மாதிரியே ஓரமெல்லாம் அழுத்தி அவருடைய இடது கண்ணில் ஒட்டினாள். தண்ணீர் குடிக்கலாம் என்று செம்பை எடுத்து டம்ளரில் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்கு ஒரு விரல் தள்ளித் தரையில் விழுந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடியும் தரை. எறும்பு ரெண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டம்ளரைச் செம்பால தொட்டுக்கிட்டு ஊத்துப்பா. நான் அப்படித்தான் ஊத்துவேன்."

அவர் தொட்டுக்கொண்டு ஊற்றினார். டம்ளர் நிரம்பியது. குடிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரம் தெரியாமல் பிள்ளை படியில் தடுக்கி விழுவதும், பந்து முகத்தில் வந்து மோதுவதும், டம்ளரைத் தொட்டுப் பார்த்து ஊற்றுவதும் அவருக்கு அன்றுதான் உள்ளே இறங்கியது. அம்மா தரையைத் துடைத்துவிட்டு, "தாள் நனையப் போகுது, தள்ளி வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் தெரு முனைக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவி, நகத்தில் இருக்கிற கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு உட்காருவார். எறும்பு கண்டுபிடிக்கிற வெட்டு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறியது. சில நாள் திடீரென்று மூன்றுக்கு இறங்கியது. இறங்கின நாளில் அம்மா அதே அளவை மறுநாளும் வரையச் சொன்னாள். தாளில் விட்ட வெட்டு எல்லாம் சரியாக வந்தால்தான் வளையத்தைச் சின்னதாக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். பாட்டில் மூடி சட்டைப் பொத்தான் ஆனது. எறும்பு மூக்கு தாளில் உரசக் குனிவாள், "தாளுக்குள்ளயே விழுந்துராத, நிமிரு" என்று அம்மா அவள் நெற்றியைப் பிடித்துத் தூக்குவாள். கடிப்பது மட்டும் நிற்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் பல் தடம் ஆறவேயில்லை.

நடுவில் ஒரு நாள் பட்டறையில் புது ஆள் ஒருத்தன் தீக்குச்சியும் பஞ்சுமாக அவரிடம் வந்தானாம். அவர் எழுந்து, அவன் கழுத்தில் தொங்கின கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கிலேயே மாட்டி, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அரைநாள் வேலை போனதில் பட்டறை மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. வீட்டில் இதைச் சொன்னவர் அவர் இல்லை. அந்த ஆளின் மனைவி கிடங்குக்கு வந்து சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. இந்தத் தடவை மூன்று பேரும் போனார்கள். நல்ல கண்ணை மூடியதும் எறும்பு முதல் வரியை வேகமாகச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதில் நின்றாள், தலையைச் சாய்த்தாள், சொன்னாள். நாலாவதில் ஐந்து எண்ணில் மூன்று சரி. ஐந்தாவது வரியில், "அதெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

மருத்துவர் மறுபடி ஒரு தடவை வேறு பலகையில் பார்த்தார். மனப்பாடம் இல்லை. "என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து தாள் கட்டை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. கருவிழியில தழும்பு இருக்கு, அது போகாது. கடைசி வரி வரைக்கும் வருமான்னு கேட்டா, வராதுன்னுதான் சொல்வேன். தூரம் அளக்குறதுல குறை இருக்கும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறலாம், அதை ஆயுசு முழுக்க வருஷா வருஷம் பாக்கணும். கண்ணாடி இல்லாம அவ வெளிய போகவே கூடாது, நல்ல கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ்வளவுதான்."

அம்மா கேட்டாள்: "இன்னும் எவ்வளவு நாள் இருக்குங்க?"

"ரெண்டு வருஷம்னு வெச்சுக்கங்க."

"அதுக்குள்ள இன்னும் ரெண்டு வரி வருமா?"

"உழைச்சா வரலாம்."

"அப்ப சரி" என்று தாள் கட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தாள்.

அன்று சாயங்காலமும் பட்டை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாள், இன்றைக்கு மட்டும் விட்டுவிடலாமே என்று அப்பா வாயெடுத்தார். அம்மா அதற்குள் மகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கியிருந்தாள். அவர் காம்பஸின் முள்ளை அரத்தில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை வளையம் உளுந்து அளவு. அதற்குள் ஒரு முடி அளவு வெட்டு. நாற்பதை வரைந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

எறும்பு நிமிர்ந்துதான் பார்த்தாள். பேனா மெதுவாக வரிசை வரிசையாக நகர்ந்தது. கடைசியில் தாளை அப்பா பக்கம் தள்ளினாள்.

"எட்டு."

"ஒம்பது. இன்னும் ஒண்ணு இருக்கு, தேடு."

அவள் திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். "எட்டுதான்."

"நான்தானே வரைஞ்சேன். ஒம்பது விட்டேன்."

"இதுல வெட்டு இல்லப்பா. மூடியிருக்கு." மூன்றாவது வரிசையில் ஒரு வளையத்தில் விரலை வைத்தாள். தடவவில்லை, வைத்தாள்.

அவர் தாளை விளக்குக்குக் கீழே கொண்டுபோனார். தன் கண்ணைச் சுருக்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். மை ஊறி வெட்டை அடைத்திருந்தது. அவர் விட்ட சந்து அங்கே இல்லை.

அம்மா மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைத் தூக்கி, பட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். மூக்குப் பக்கம், புருவத்துப் பக்கம், கன்னத்துப் பக்கம். எங்கும் நூல் நுழைகிற இடம் இல்லை. எறும்பு சமயம் பார்த்து அந்த மணிக்கட்டைக் கடித்தாள்.

அம்மா கையை உதறிக்கொண்டு, அவர் முன்னால் புதுத் தாளை வைத்தாள்.

"மை ஊறாத பேனாவா எடுங்க. இன்னும் கொஞ்சம் சின்னதா வரைங்க."